புதுச்சாலைக்கு நிதி உண்டு, விரிசலுக்கு இல்லை

மாநகராட்சியிடம் சாலைக்குப் பணமில்லை என்ற பேச்சில் பாதிதான் உண்மை. தென்மாவட்ட மாநகராட்சி ஒன்றின் பொறியியல் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், புதிய சாலை போடுவதற்கு ஏதாவது ஒரு திட்டத்தின் பெயரில் நிதி வந்துகொண்டுதான் இருந்தது. போட்ட சாலையைக் காப்பதற்குத்தான் தட்டுப்பாடு.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, வசூலாகும் வரியெல்லாம் ஒரே பெட்டியில் விழுவதாகத் தோன்றும். நகர்ப்புற உள்ளாட்சிகளிலோ வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று கணக்குகள் பிரிந்தே இருக்கின்றன. சாலைப் பராமரிப்பு இவற்றில் முதல் கணக்கைச் சேர்ந்தது. ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை அகற்றும் செலவு எல்லாம் அதே கணக்கில்தான் கைநீட்டி நிற்கும். அவற்றில் எதை ஒரு மாதம் நிறுத்தினாலும் மறுநாளே சத்தம் கேட்கும். சாலை மட்டும் எத்தனை மாதம் தள்ளிப்போட்டாலும் வாய் திறக்காது. அது பல்லாங்குழியாக மாறிய பிறகு மக்கள்தான் வாய் திறப்பார்கள்.

வரவுப் பக்கமும் கைகொடுக்கவில்லை. சென்னை தவிர்த்த நகரங்களில் 2008இல் திருத்தப்பட்ட சொத்துவரி 2018இல்தான் மீண்டும் உயர்த்தப்பட்டது; அந்த உயர்வும் 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டு, 2022 ஏப்ரலில்தான் புதிய உயர்வு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தார், ஜல்லி, கூலி எதுவும் 2008ஆம் ஆண்டு விலையில் காத்திருக்கவில்லை. தொழில் வரியை ஏற்றலாமே என்றால், ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாதென்று அரசியலமைப்புச் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. 15ஆவது நிதி ஆணையம் பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்திலும் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டில் தவறில்லை. ஆனால் சாலைக்கு மிஞ்சுவது குறைவு.

தொகையைவிடக் காலம்தான் எங்களை அதிகம் வாட்டியது. வெயிலிலும் காற்றிலும் தார் இறுகி, சில ஆண்டுகளில் மேற்பரப்பில் மெல்லிய விரிசல் விடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதை அடைத்துவிட்டால் செலவு அற்பம். அடைக்காமல் விட்டால் மழைநீர் கீழே இறங்கி ஜல்லி அடுக்கை இளக்கிவிடும். அதன்மீது பேருந்தும் லாரியும் ஓட ஓடச் சாலை அமுங்கிப் பெயர்ந்து, அடித்தளத்திலிருந்தே மீண்டும் கட்ட வேண்டிய நிலை வரும். விரிசல் அடைக்கும் கோப்பு மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி என்று நகர்ந்து முடிவதற்குள் அக்டோபர் வந்துவிடும். திட்ட நிதியோ பெரும்பாலும் நிதியாண்டின் கடைசிக் காலாண்டில், மார்ச் 31க்குள் செலவிட்டாக வேண்டும் என்ற நெருக்கடியோடு வந்து சேரும். ஆகஸ்டில் சிறு தொகை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய சாலையை, பிப்ரவரியில் பெருந்தொகை செலவழித்துப் புதிதாகப் போடுவோம். அது சாதனைப் பட்டியலிலும் ஏறிவிடும்.

மாமன்ற உறுப்பினர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. “ஒட்டுப் போட்டுட்டுப் போனீங்கன்னா வார்டுல எனக்குத்தான் சார் கெட்ட பேரு, போட்டா முழுசாப் போடுங்க” என்று ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். புதுச்சாலைக்குப் பூமிபூஜை உண்டு, விரிசல் அடைப்பதற்கு யார் வந்து தேங்காய் உடைப்பார்கள்?

ஒப்பந்ததாரர்களுக்கும் தனிக்கணக்கு இருந்தது. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியபோது, அதிலிருந்தே கிடைக்கும் தாரின் விலையும் ஏறியது. பழைய விலைப்பட்டியலின்படி நாங்கள் போட்ட மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவே ஆள் வரவில்லை. பெரிய பணிக்காவது பேரம் பேசி வருவார்கள். சில்லறைப் பராமரிப்புப் பணிக்கு, பழைய பில்லே நிலுவையில் இருக்கும்போது, யார் தார் வாங்கிக் கொதிக்கவைப்பார்கள்?

எனக்கு மிகவும் ஆற்றாமை தந்தது சாலை வெட்டுக் கட்டணம்தான். பாதாளச் சாக்கடை, தொலைபேசிக் கேபிள், குடிநீர்க் குழாய் என்று தோண்டுகிறவர்கள், சாலையைப் பழையபடி சீரமைப்பதற்கென்றே முன்கூட்டிப் பணம் கட்டுகிறார்கள். எங்கள் மாநகராட்சியில் அது பொதுக்கணக்கில் கலந்துவிடும். பள்ளம் மூடி மண் இறுகிச் சாலை போடும் பருவம் வரும்போது அந்தப் பணம் எப்போதோ சம்பளமாகப் போயிருக்கும். இதைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, ஜூலைக்குள் விரிசல் அடைக்கும் பணிக்கு நிலையான ஆண்டு ஒப்பந்தம் போடலாம் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். கணக்குப் பிரிவிலிருந்து “நிதிநிலை சீரானதும் பரிசீலிக்கலாம்” என்ற குறிப்புடன் கோப்பு திரும்பியது.