மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம்

நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு எனக்கு வேண்டியிருந்தது அவித்த உருளைக்கிழங்கு இரண்டு. அதற்குமேல் இந்த உலகத்திடம் நான் எதுவும் கேட்கவில்லை.

வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, சமையலறை விளக்கையும் அணைத்திருந்தார்கள். எனக்கு மிச்சம் வைத்ததை, ‘அவ வெளியில சாப்பிட்டுட்டுதான் வருவா’ என்று தாமாகவே தீர்ப்பெழுதி வீட்டுக்காரர் முடித்துவிட்டிருந்தார். நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் பசி இன்னும் அதிகமாகும் என்பது அனுபவம்.

மைக்ரோவேவ் டப்பாதான் இருக்கிறதே, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்ததுதான் தப்பு.

அந்த டப்பாவை நான் எவ்வளவு ஆசையாக வாங்கினேன் என்று உங்களிடம் அப்போதே சொல்லி அறுத்திருக்கிறேன். அடியில் தண்ணீர் ஊற்ற ஒரு டப்பா, அதற்குள் உட்கார ஒரு ஓட்டைத் தட்டு, மேலே ஆவி போக சின்னக் கதவு வைத்த மூடி. டப்பாவைக் கவிழ்த்தால் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். பாலிபுரொப்பிலீன் என்று அர்த்தம். சுமார் 160 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. கூடவே வந்த துண்டுக் காகிதத்தையும் முழுசாகப் படித்தேன். இந்த வீட்டில் அதையெல்லாம் படிக்கிற ஒரே ஜீவன் நான்தான். மற்றவர்கள் நேரடியாகக் களத்தில் இறங்குவார்கள்.

சமையலுக்கு அது உழைத்தது சரியாக ஆறு நாள். ஏழாம் நாள் தக்காளியும் எண்ணெயும் போட்டு எதையோ சூடாக்கினேன், டப்பா காவி கட்டிவிட்டது. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயோடு போய் பிளாஸ்டிக்கில் குடியேறிவிட்டால் சோப்புக்கு அசையாது. ஆனால் வெயில் பட்டால் வெளிறிவிடும். அதனால் டப்பா, தட்டு, மூடி மூன்றையும் பால்கனியில் காய வைத்தேன். இரண்டு நாள்தான் வைத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் காவி போயிருந்தது. டப்பாவும் போயிருந்தது.

பால்கனியில் கிடக்கும் எதையும் கேட்பாரற்ற பொருள் என்று அறிவிக்கும் சட்டம் ஒன்று எங்கள் வீட்டில் அமலில் இருக்கிறது. யார் இயற்றியது என்று தெரியாது. ஆனால் எல்லோரும் மதிக்கும் ஒரே சட்டம் அதுதான்.

அன்றிலிருந்து அந்த டப்பா பார்க்காத உத்தியோகம் இல்லை. கூரை ஒழுகியபோது சொட்டு பிடித்தது. தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்து ஒரே பாளமாக உறைய விட்டு எடுத்தார்கள். சின்னச் சின்னக் கட்டிகளைவிடப் பெரிய பாளம் மெதுவாகத்தான் உருகும் என்பதால், ஊருக்குப் போன அன்று மருந்துப் பெட்டிக்கு அதுதான் காவல். பிறகு வீட்டுக்காரர் அதை வைத்து சிலந்தி பிடித்தார். பிடித்தார் என்றால், சுவரிலிருந்து இறங்கிய சிலந்தியின் மேல் டப்பாவைக் கவிழ்த்தார். அதற்குமேல் என்ன செய்வது என்று அவரிடம் திட்டம் இல்லை. டப்பா நகர்ந்துவிடக் கூடாது என்று மேலே ஒரு அகராதியை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் கூடத்தின் நடுவே, அகராதியைத் தலையில் சுமந்துகொண்டு டப்பா நிற்கிறது, வீட்டில் அத்தனை பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடமாடுகிறார்கள். நிமிர்த்தியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிலந்தி என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இருந்தது, கொஞ்சம் பரிதாபமும் இருந்தது.

சரி, நேற்றைய கதைக்கு வருவோம்.

மூடி முதலில் கிடைத்தது. அத்தையின் தொட்டி மேல். தக்காளி விதை போட்டிருக்கிறார்கள். எந்தத் தக்காளி என்கிறீர்கள்? டப்பாவைக் காவியாக்கியதே, அதன் உடன்பிறப்பு. முளை விட்டிருந்தது. மண்ணின் ஈரம் மேலே ஏறி, மூடியில் முத்து முத்தாகப் பூத்து, திரும்ப மண்ணிலேயே சொட்டுகிறது. பகலில் வெயில் ஏறினதும் ஆவிக் கதவைத் திறக்கிறார்கள், பொழுது சாய்ந்ததும் மூடுகிறார்கள். நான் சமைத்த ஆறு நாளில் ஒருநாள்கூட அந்தக் கதவை இத்தனை ஒழுங்காகத் திறந்து மூடியதில்லை.

“அத்தை, பத்து நிமிஷம் குடுங்க, திருப்பி வெச்சிடறேன்.”

“இந்தக் குளிர்ல பத்து நிமிஷமா? குஞ்சு மாதிரி இருக்கு, சுருண்டுடும்.”

அதே குளிரில் முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்த குஞ்சு நான், எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மூடி போட ஆளில்லை. பரவாயில்லை, மூடிக்குப் பதில் பீங்கான் தட்டைக் கவிழ்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த தேடலுக்குப் போனேன்.

ஓட்டைத் தட்டு சின்னவளின் படுக்கையில் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, தட்டைத் தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து டார்ச் அடித்தால் விதானம் முழுக்க நட்சத்திரம். அவளாகக் கண்டுபிடித்தது. தட்டை மெதுவாகச் சுற்றினால் வானமும் சுற்றும். இப்போது தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கம். தலையணைக்கடியிலிருந்து தட்டை உருவுவதற்கு நான் பட்ட பாட்டைப் பெட்டகம் உடைக்கிறவன் பட்டிருக்க மாட்டான். மூச்சை அடக்கி, விரல் நுனியால் இழுத்து, அவள் புரண்டால் உறைந்து நின்று, மறுபடி இழுத்து. என் வீட்டில், என் காசில் வாங்கிய தட்டைத்தான் சொல்கிறேன்.

மிச்சம் அடி டப்பா. அது மாமாவிடம்.

மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவரைக் கேட்டால், போன் செய்கிறவர்கள் இந்தக் காலத்தில் போனுக்குள் சத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள் என்பார். போனை டப்பாவுக்குள் நிற்க வைத்து, வைஃபையில் வருகிற ரேடியோவில் பாட்டுக் கேட்கிறார். நாலா பக்கமும் சிதறிப்போகிற சத்தத்தை டப்பா திரட்டி ஒரே பக்கம் அனுப்புகிறது, காதுக்குக் கணீரென்று வந்து சேர்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தையும் சோதித்துப் பார்த்தாராம். அதில் பாடகிக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறதாம்.

“மாமா, அந்த டப்பா வேணுமே, ஓவன்ல வைக்கணும்.”

“ஓவன்லயா?” நான் அதைக் கிணற்றில் போடக் கேட்டதுபோல நிமிர்ந்து பார்த்தார். “நீ ஓவனைப் போட்டா என் பாட்டு விக்குது.”

இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஓவனுக்குள் ஓடுவது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை. எங்கள் வீட்டு வைஃபையும் அதே அக்கம்பக்கத்தில்தான் குடியிருக்கிறது. கதவு இடுக்கில் கசிகிற துளி அலை உடம்பை ஒன்றும் செய்யாது, ஆனால் மாமாவின் ரேடியோவை மென்று துப்பிவிடும். ஆக, அவர் கணக்கு இது: டப்பா இவரிடம் இருந்தால் ஓவன் ஓடாது, ஓவன் ஓடாவிட்டால் பாட்டு நிற்காது. ஒரே டப்பாவில் ஒலிபெருக்கியும் ஆச்சு, பணயக் கைதியும் ஆச்சு.

“அது சமைக்கிறதுக்குன்னு வாங்கினது மாமா” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. மாமா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“ஏம்மா, உன் ஓவன் மட்டும் சமைக்கவா பொறந்துது? 1945-ல பெர்சி ஸ்பென்சர்னு ஒரு இன்ஜினியர், ரேடாருக்கு அலை உண்டாக்கற மேக்னட்ரான் பக்கத்துல நின்னிருக்கார். சட்டைப் பையில இருந்த மிட்டாய் உருகிப்போச்சு. அப்புறம்தான் அடுப்பே வந்துது. 1947-ல வந்த முதல் மிஷின் ஆறடி உசரம், 340 கிலோ. ரேடாருக்குச் செஞ்சதை அவர் அடுப்பாக்கினா கண்டுபிடிப்பு, அடுப்புக்குச் செஞ்சதை நான் ரேடியோவாக்கினா குத்தமா?”

பசித்த வயிற்றோடு இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. ஸ்பென்சர் வீட்டிலும் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு யாராவது சாப்பாட்டுக்கு அலைந்திருப்பார்கள், அவர்களை எந்தச் சரித்திரத்திலும் எழுத மாட்டார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கடைசியில், ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

உருளைக்கிழங்கைக் கழுவி, முள்கரண்டியால் நாலு குத்து குத்தி (குத்தாவிட்டால் உள்ளே ஆவி முட்டி வெடிக்கும், படித்த காகிதத்தில் இருந்தது), டப்பாவில் கொஞ்சம் தண்ணீர், மேலே ஓட்டைத் தட்டு, அதில் கிழங்கு, மூடிக்குப் பதில் பீங்கான் தட்டு. பொத்தானை அமுக்கினேன். அந்த அறையில் பாட்டு விக்க ஆரம்பித்தது. இந்த அறையில் பளீர் என்று நீல வெளிச்சம், அதைத் தொடர்ந்து படபடவென்று ஒரு சத்தம்.

நான் ஓவனை அணைத்ததும் அலறியதும் ஒரே சமயம். எதை முதலில் செய்தேன் என்பதில் இன்றைக்கும் வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது.

டப்பாவின் அடியில், விளிம்போரப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு ஸ்பிரிங் வாஷர். வளையமாக வந்து, இரண்டு நுனியும் தொட்டும் தொடாமலும் நிற்குமே, அதுதான். மைக்ரோவேவுக்குள் பொறி பறக்க இதைவிடத் தோதான சாமான் கிடைக்காது. அந்தச் சின்ன இடைவெளியில் மின்சாரம் தாவும். கிழங்கு அப்படியே பச்சையாக இருந்தது. டப்பாவின் அடியில் மட்டும் வாஷர் அளவுக்குக் கருகி, நடுவே ஊசி நுழையும் பொத்தல். 160 டிகிரி வரைக்கும் உருகாதுதான். அதற்கு மேலே போனால் என்ன ஆகும் என்பதை நேரிலேயே பார்த்தாயிற்று.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட, இது இங்கதான் இருக்கா! மூணு வாரமா தேடறேன்!”

கூடத்து ஃபேனைக் கழற்றி மாட்டியபோது திருகாணிகளை இந்த டப்பாவில்தான் போட்டு வைத்திருக்கிறார். மாட்டி முடித்தபோது ஒரு வாஷர் குறைந்தது. அன்றிலிருந்து ஃபேன் கடக் கடக் என்று அடித்துக்கொள்கிறது, இவர் ஃபேன் செய்தவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். வாஷரை ஊதித் துடைத்து, ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். கிழங்கு வெந்ததா என்று ஒருவர் கேட்கவில்லை. சின்னவள் எழுந்து வந்து, இன்னொரு தடவை மின்னல் காட்டச் சொல்லி அழுதாள்.

பிறகு கிழங்கைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, அதே பீங்கான் தட்டால் மூடி, எட்டு நிமிஷத்தில் வேக வைத்தேன். “இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே” என்றார்கள் அத்தை. உண்மைதான். அதனால்தான் கோபம் வந்தது.

கருகிய பிளாஸ்டிக்கில் இனி சமைக்கக் கூடாது. டப்பாவைக் கழுவித் துடைத்து மாமாவிடமே கொடுத்தேன். அவர் பொத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “சார்ஜர் ஒயர் விட வசதி” என்றார். அந்த ஒயரின் முனை பொத்தலைவிட இருபது மடங்கு பெரியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிசாக்க வழி கண்டுபிடித்துவிடுவார்.

சாப்பிட உட்கார்ந்தேன். மாமாவின் அறையிலிருந்து யாரோ ஒரு பெண் மூச்சிரைக்கப் பேசுகிற சத்தம். கொஞ்சம் கவனித்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. சாயங்காலம் பஸ் ஏறிக்கொண்டே அனுப்பிய குரல்செய்தி. “மாமா, லேட்டாகும், வந்து சாப்டுக்கறேன், எடுத்து வைக்கச் சொல்லுங்க.” இரைச்சலில் பாதி வார்த்தை நசுங்கிப் போயிருந்தது.

“கேட்டியா? சாப்டுட்டு வரேன்னு சொல்லலை. வந்து சாப்டுக்கறேன்னுதான் சொல்லியிருக்கா” என்றார் மாமா.

“நீங்கதானே அவன்கிட்ட சாப்டுட்டு வருவாள்னு சொன்னீங்க?”

“அப்ப டப்பா இல்லாம கேட்டேன். டப்பால ஐஸ் இருந்துது.”

மறுபடி போட்டார். அது முடிந்ததும் முந்தின நாள் செய்தி தானாக ஓடியது. அதற்கும் முந்தின நாளுடையது. ஒன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் நான் எதன் பின்னாலோ ஓடிக்கொண்டே லேட்டாகும் லேட்டாகும் என்கிறேன். நாலாவதோ ஐந்தாவதோ ஓடும்போது அத்தை மெதுவாகச் சொன்னது, டப்பாவின் புண்ணியமில்லாமலே எனக்குக் கேட்டது.

“பாவம், எப்படி மூச்சு வாங்குது பாருங்க அவளுக்கு.”

தூங்கப் போகும்போது என் தலைமாட்டில் ஒரு தட்டு இருந்தது. இரண்டு பிஸ்கட், ஒரு பழம், அவற்றின் மேல் கவிழ்த்த அந்த மூடி. ஆவிக் கதவு சாத்தியிருந்தது. தொட்டிக்கு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தேன். செடிமேல் ஓட்டைத் தட்டு கவிழ்ந்திருந்தது, அதன் மேல் ஒரு துணி. சின்னவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

இன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஓரமாக ஒதுங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிக்கிற தோரணையில் பேசி அனுப்பினேன். “மாமா. எட்டு மணிக்கு. வந்துவிடுவேன். எனக்கு. சாப்பாடு. வேண்டும்.” பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. டப்பாவுக்குள் வாயை வைத்துப் பேசியிருக்கிறார் போல, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

“நல்லா கேக்குதும்மா. ஏன் இப்படிக் கத்தறே?”