மூன்றாம் நம்பர் கோலுக்கு எந்த லைன்?

போன ஏப்ரலில் தீர்த்தன் ஆற்றில் எனக்கும் மீனுக்கும் நடுவே இருந்தது 15 அடிதான். ஹிமாச்சலில், குஷைனிக்குக் கொஞ்சம் மேலே, ஆள் உயரப் பாறை ஒன்றின் பின்னால் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறேன். எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவில் வேகம் தணிந்து தண்ணீர் சுழலும் இடத்தில் ஒரு பிரவுன் ட்ரவுட் மேலே வந்து வந்து பூச்சி எடுக்கிறது. பூச்சி மாதிரி கட்டிய கொக்கியை, அதாவது ஃப்ளையை, வீசி மீன் பிடிக்கிற ஃப்ளை ஃபிஷிங் இது. கையில் ஏழரை அடிக் கோல், 3 வெயிட், அதாவது 3-ஆம் நம்பர் லைனுக்கான கோல். வீசினால் லைன் நீளாமல் பாதியிலேயே தொய்ந்து, ஃப்ளை மீனுக்கு மூன்றடி முன்பே, லைன் நுனியில் கட்டும் மெல்லிய தங்கூஸான லீடரோடு குவியலாக விழுகிறது. நாலாவது தடவை மீன் போய்விட்டது.

அன்று முழுக்க என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். கோளாறு லைனில் இருந்தது என்று ஊருக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. புதிதாக லேசான கோல் வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு பறந்து போகும், தங்கூஸ் அதன் பின்னால் போகும். ஃப்ளையில் குண்டு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய அந்தப் பூச்சிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, லைன்தான் எடை. பின்னால் எடுக்கும்போது லைன் கோலை வளைக்க வேண்டும், வளைந்த கோல் நிமிரும்போது லைனைச் சாட்டை மாதிரி முன்னே விரிக்க வேண்டும். கோல் வளையவில்லை என்றால் நீங்கள் எவ்வளவு பலமாக வீசினாலும் சரி, ஒன்றும் நடக்காது.

லைன் பெட்டியில் 3, 4, 5 என்று போட்டிருப்பது இந்த எடையைத்தான். லைனின் முதல் 30 அடியை மட்டும் நிறுத்துப் பார்த்துக் கொடுக்கிற எண் அது, நுனியில் ஒரே பருமனாக வரும் சில அங்குலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 3 என்றால் 100 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 கிராம். 4 என்றால் 120, 5 என்றால் 140. நம் பொற்கொல்லர்களுக்குக் குன்றிமணி மாதிரி லைன் செய்கிறவர்களுக்கு இந்த கிரெய்ன், அதாவது தானியமணி. பட்டு லைன் காலத்தில் பருமனைப் பார்த்து எழுத்துக் குறி போடுவார்கள். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்தபிறகு ஒரே பருமனில் வேறு வேறு எடை வந்ததால் எடைக்கே மாறிவிட்டார்கள்.

சரி, என் லைனிலும் 3 என்றுதானே போட்டிருந்தது? வீட்டில் நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது. அதன் தட்டில் ஒரு கிண்ணம் வைத்து, பூஜ்யமாக்கி, நாடாவால் அளந்த முதல் 30 அடியை அதில் சுருட்டிப் போட்டேன். மிச்ச லைன் தொங்கி இழுக்கக் கூடாது என்பதற்காகப் பக்கத்தில் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் வைத்தேன். 6.6 கிராம். பெட்டி சொன்னது சரிதான். அப்புறம் முதல் 15 அடியை மட்டும் போட்டேன். 2.4 கிராம்!

விஷயம் அதுதான். அது முன்பக்கம் ரொம்ப நீளமாக மெலிந்துகொண்டே வரும் வெயிட் ஃபார்வர்ட் லைன், எடையெல்லாம் பின் பாதியில். அகலமான ஆற்றில் 30, 40 அடி வீசுகிறவருக்கு அது அருமையான லைன், ஃப்ளை தண்ணீரில் சத்தமில்லாமல் உட்காரும். தீர்த்தன் மாதிரி பாறைக்குப் பாறை குழி தேடி மீன் பிடிக்கிற ஆற்றில் அந்தப் பின் பாதி கோல் நுனியைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. நான் வைத்திருந்ததோ கொஞ்சம் விறைப்பான கார்பன் கோல், 2.4 கிராமுக்கு அது அசையவே இல்லை.

அதனால் இரண்டு முனையும் மெலிந்து நடுவில் ஒரே பருமனாக இருக்கும் டபுள் டேப்பர் லைன், அதுவும் ஒரு நம்பர் ஏற்றி 4 வாங்கினேன். முன் மெலிவு குட்டையாக இருக்கிறதா என்று பார்த்தே எடுத்தேன். முதல் 15 அடி 3.6 கிராம் நின்றது. பின்னால் மரக்கிளை இருந்து, லைனைப் பின்னே பறக்கவிடாமல் தண்ணீரிலிருந்தே முன்னே உருட்டிவிடும் ரோல் காஸ்ட் போட வேண்டிய இடங்களில் டபுள் டேப்பருக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் கருத்து. இரண்டு முனையும் ஒரே மாதிரி என்பதால் ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம், பணமும் மிச்சம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பர் ஏற்றாதீர்கள். இப்போது வரும் லைன்களில் பல ஏற்கனவே அரை நம்பர், சிலது முழு நம்பர் கூடுதல் எடையோடுதான் வருகின்றன. அதற்கு மேல் நீங்களும் ஏற்றினால் லேசான கோல் தொய்ந்து போகும். ஃபைபர் கிளாஸ் கோல் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றவே தேவையில்லை, அது தானாகவே வளையும். எதுவானாலும் தராசில் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, லைனின் மேல்பூச்சு எந்தத் தட்பவெப்பத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். மலை ஆற்றின் குளிர்ந்த தண்ணீரில் வெப்பமண்டல லைன் ஸ்பிரிங் மாதிரி சுருண்டே கிடக்கும். குளிருக்கான லைனை எடுத்துக்கொண்டு சென்னை மே மாதத்தில் மொட்டை மாடியில் பழகினால் அது இளகிப் பிசுபிசுக்கும், நான் விடிகாலையில் மட்டும்தான் பழகுகிறேன். கொசு மருந்து தடவிய கையால் லைனைத் தொடாதீர்கள், அந்த மருந்திலிருக்கும் டீட் என்ற ரசாயனம் லைனின் மேல்பூச்சையே கரைத்துவிடும்.

அக்டோபரில், நவம்பர் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், அதே பாறைக்குப் போனேன். மழைக்காலக் கலங்கல் தெளிந்து அடிக்கல் தெரிந்தது. ஏழரை அடி லீடர், அதன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய இழையாக 5 எக்ஸ் டிப்பெட். முதல் வீச்சில் கோல் வளைந்தது கைப்பிடி வரை தெரிந்தது, லைன் நேராக நீண்டு ஃப்ளை அந்தச் சுழலின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது வீச்சில் ஒரு சாண் நீள பிரவுன் எடுத்தது. வயிற்றோரம் மஞ்சள், பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டு கொக்கியை எடுத்ததும் பாறைக்கு அடியில் போய்விட்டது.