மருத்துவரின் இரண்டாவது வழக்கு

கட்டணம் பெற்று அளிக்கப்படும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பு இதற்கு மாறான நிலையை எடுத்திருந்தது. இன்று நோயாளி தொடுக்கும் வழக்கு செய்தியாகிறது. அதையொட்டி மருத்துவருக்கும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே எழும் வழக்கு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

மருத்துவர்களுக்கான தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, வாகனக் காப்பீட்டைப் போல் சம்பவம் நடந்த நாளை மட்டும் பார்ப்பதன்று. நோயாளியின் கோரிக்கை மருத்துவரை எட்டும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். சிகிச்சையும் அப்பாலிசியில் குறிக்கப்பட்ட ‘ரெட்ரோஆக்டிவ்’ தேதிக்கு, அதாவது எந்த நாள் முதல் செய்த சிகிச்சைகளுக்குப் பாதுகாப்பு உண்டோ அந்த நாளுக்கு, பின்னர் நடந்திருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு வழக்குக் கட்டில், பிரீமியம் குறைகிறது என்பதற்காக அறுவை மருத்துவர் ஒருவர் நிறுவனம் மாறியிருந்தார். புதிய பாலிசியில் அந்தத் தேதிக் கட்டத்தில் பாலிசி தொடங்கிய நாளையே அச்சிட்டிருந்தார்கள். அதற்கு முன்பு செய்த அறுவைக்காக வக்கீல் நோட்டீஸ் வந்தபோது, பாலிசி முடிந்துவிட்டது என்றது பழைய நிறுவனம்; சிகிச்சை எங்கள் தேதிக்கு முந்தையது என்றது புதிய நிறுவனம். ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டியவருக்கு இரு பக்கமும் கதவடைப்பு. பாலிசியின் சொற்களைப் பார்த்தால் இரு நிறுவனங்கள் சொன்னதையும் தவறென்று தள்ளிவிட முடியாது என்பதுதான் சங்கடம்.

மருத்துவர் தாமதமாகத் தெரிவித்தார் என்று சொல்லி நிறுவனம் மறுக்கும் காரணம் இதைவிடப் பலவீனமானது என்பது என் கருத்து. தவிர்க்க முடியாத தாமதத்தை மட்டுமே காட்டி நியாயமான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு வாகனத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2017-இல் இதே நிலையை எடுத்தது. ஆனால், பாலிசிக் காலமே முடிந்த பிறகு தெரிவித்தவருக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது. ஆகவே உறவினர்கள் மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கோபத்தோடு கேட்டு எழுதும் கடிதத்தையே முதல் எச்சரிக்கையாகக் கொண்டு, நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிவிடுவது நல்லது.

பதிவு பெறாத உதவியாளரைக் கொண்டு சிகிச்சை செய்ததற்காகக் கோரிக்கை மறுக்கப்படும்போது எனக்கு மருத்துவர்மீது இரக்கம் வருவதில்லை.

இந்தச் சச்சரவின் சுமை நோயாளிமீதும் விழுகிறது. நுகர்வோர் ஆணையத்தில் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்தால், ‘புகார்தாரர் எங்கள் நுகர்வோர் அல்லர்’ என்ற வாதம் உடனே வரும். மருத்துவர் தொகையைக் கட்டிவிட்டு எங்களிடம் தனியே கேட்கட்டும் என்பார்கள்.

நுகர்வோர் புகாருக்கு இரண்டாண்டுதான் காலவரம்பு என்றாலும், போதிய காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படும்; பழைய சிகிச்சைக்கான வழக்கு அதற்குப் பிறகும் வரலாம். எனவே மருத்துவமனையை மூடி ஓய்வு பெறுபவர், பழைய சிகிச்சைகளுக்கான பாதுகாப்பை நீட்டிக்க வழி உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பாலிசியைப் புதுப்பிக்காமல் விட வேண்டும்.