சிடி டிரைவாக வந்து உட்கார்ந்த வைஃபை

மாடி அறைக் கணினிக்கு வைஃபை தேவைப்பட்டது. ரூட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. கேபிள் இழுக்கலாம் என்றால், சுவரில் துளை போடக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே அவரிடம் கேட்க வேண்டும். அதனால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு குட்டி யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி வந்தேன். கம்பெனிப் பெயர் இல்லாத அட்டைப்பெட்டி, அதன் மேல் கொட்டை எழுத்தில் 600. கணினியில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ்.

செருகியதும் விளக்கு எரிந்தது. நெட்வொர்க் பட்டியலில் மட்டும் ஒன்றுமில்லை. பதிலாக, ஃபைல் மேனேஜரில் ஒரு சிடி டிரைவ் புதிதாக முளைத்திருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே விண்டோஸுக்கான செட்அப் கோப்பு.

இது பழுது இல்லை, வேண்டுமென்றே செய்தது. சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். அதைச் சிடியில் தனியாகக் கொடுத்தால் செலவு, இன்று பாதிக் கணினிகளில் சிடி போட இடமும் கிடையாது. ஆகவே அடாப்டருக்குள்ளேயே டிரைவரை வைத்து, செருகியவுடன் அது தன்னைச் சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும்படி செய்துவிடுகிறார்கள். விண்டோஸில் டிரைவரை நிறுவிய பிறகு, அந்த டிரைவரே 'சிடியை வெளியே தள்ளு' என்று கட்டளை அனுப்பும். உடனே சாதனம் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபை கார்டாக மாறும். லினக்ஸில் அந்தக் கட்டளையை யாராவது அனுப்பும்வரை அது சிடியாகவே உட்கார்ந்திருக்கும்.

செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை கொடுத்தபோது 0பிடிஏ:1ஏ2பி (0bda:1a2b) என்ற எண் வந்தது. முன்பாதி ரியல்டெக் கம்பெனியின் சிப் என்பதைச் சொல்கிறது. பக்கத்தில் ஆர்டிஎல்8188ஜியு என்று ஒரு பெயர், கூடவே 'டிரைவர் சிடிராம் மோட்' என்ற குறிப்பு. இந்தப் பெயரை நம்பி டிரைவர் தேடக் கிளம்பினால் நாள் முழுக்க அலைய வேண்டியதுதான். அது ஐடி அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்ட பெயர். இதே சிடி எண்ணோடு வேறு ரியல்டெக் சிப்புகளும் வருகின்றன. உள்ளே இருப்பது எது என்பது வேஷம் கலைந்த பிறகுதான் தெரியும்.

கலைப்பது சுலபம். அந்தச் சிடி டிரைவின் மேல் எஜெக்ட் கட்டளை கொடுத்தால் போதும். மறுபடி எல்எஸ்யுஎஸ்பி பார்த்தேன்: 0பிடிஏ:சி811. அதாவது ரியல்டெக்கின் 8811சியு, 8821சியு சிப் குடும்பம். ஒவ்வொரு முறையும் கையால் செய்யாமலிருக்க யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவிய பின் என் கணினியில் இந்த வேலை தானாகவே நடக்கிறது.

இதையெல்லாம் இறக்க இணையம் வேண்டுமே என்றால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் வசதியைப் போட்டால் சரி. போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கணினிக்குக் கடத்திவிடும், டேட்டா பேக் கரையாது. பலருக்கு இது தெரிவதில்லை.

அப்புறம் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. பெரும்பாலான டிரைவர்கள் அதோடுதான் வருகின்றன. டெபியன் 12 உடன் வருவது 6.1. இந்தக் குடும்ப யுஎஸ்பி சிப்புகளுக்கான ஆதரவு, கெர்னலில் உள்ள ஆர்டிடபிள்யூ88 (rtw88) டிரைவரில் சேர்ந்தது 6.2-இல், 2023 பிப்ரவரியில். ஒரே ஒரு படி வித்தியாசம்! அதைச் சேர்த்தவர் பெங்குட்ரானிக்ஸ் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் சாஷா ஹௌவர். அதுவரை கணினிக்குள்ளே பொருத்தும் பிசிஐ கார்டுகளுக்கு மட்டும் வேலை செய்துகொண்டிருந்த டிரைவருக்கு யுஎஸ்பி வழியையும் திறந்துவிட்டார்.

இந்த இடத்தில் பலரும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து தனி டிரைவரை இறக்கி, ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் திரும்ப உருவாக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி வைத்துக் கம்பைல் செய்யச் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அது திரும்பக் கம்பைல் ஆகுமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கையெழுத்தில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், அந்த டிரைவருக்கான கையெழுத்துச் சாவியை நாமே கணினியில் பதிய வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பழைய பதிப்புக்கும் புதிய தொகுப்புகளைத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கெர்னலையே போட்டுவிட்டேன். அது டெபியனின் கையெழுத்தோடு வருகிறது, டிரைவரும் உள்ளேயே இருக்கிறது.

கடைசியாக ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் (dmesg) ஆர்டிடபிள்யூ8821சி கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று வந்தது. மைனஸ் இரண்டு என்றால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை', அவ்வளவுதான். ஃபர்ம்வேர்-ரியல்டெக் தொகுப்பை நிறுவியதும் தீர்ந்தது. 2022-இல் டெபியன்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி, இத்தகைய ஃபர்ம்வேருக்கென்றே தனிப் பிரிவை 12-ஆம் பதிப்பிலிருந்து வைத்திருக்கிறார்கள். டெபியனை நிறுவும் நேரத்தில் கார்டு செருகியிருந்தால் நிறுவும் நிரலே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பின்னால் வாங்கியதால் இந்த வேலை.

வைஃபை இணைப்புக்கு லினக்ஸ் வைத்த பெயர் டபிள்யூஎல்எக்ஸில் (wlx) தொடங்கி, கார்டின் தனி அடையாள எண்ணான மேக் முகவரி முழுவதையும் வாலாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 15 எழுத்து. லினக்ஸ் அனுமதிக்கும் உச்சவரம்பும் அதுவே.

அட்டைப்பெட்டியின் 600? அது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டி மேலே தூக்கிவிட்ட எண். ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணைய முடியும் என்பதால் 600 எப்போதும் வராது. மாடிக்கு வரும் சிக்னலில் 433-உம் காகிதக் கணக்குதான், ஆனால் வீடியோ வகுப்புக்குக் கிடைப்பதே தாராளம்.

முதலில் பக்கங்கள் திறக்கும்போது சின்னத் தயக்கம் இருந்தது. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று மாற்றி மின்சேமிப்பை அணைத்தேன், போய்விட்டது. டெஸ்க்டாப்தானே, அந்தக் கொஞ்சம் மின்சாரத்தை மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

புதிதாக வாங்குபவர்கள் பிராண்டைக் கேட்காமல் சிப்பைக் கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யு என்றால் 4.19 கெர்னலிலிருந்தே ஆதரவு உண்டு. கடைக்காரருக்குப் பெரும்பாலும் சிப் பெயர் தெரியாது. திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.