யாரும் சீக்கிரம் கிளம்ப முடியாத இடம்

பள்ளித் தோழிகள் சந்திப்பு என்றாலே எங்களுக்கு ஒரே கதைதான். மலேசியாவின் ஈப்போவில் ஏதாவது ஒரு வாழையிலைக் கடையில் பதினொரு மணிக்கு என்போம், எல்லாரும் வந்து சேர ஒரு மணி ஆகும், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒருத்திக்கு மாமியாருக்கு மருந்து கொடுக்கணும், இன்னொருத்திக்குப் பேத்தியை டியூஷனிலிருந்து ஏற்றணும், அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவோம். தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தைப்பிங்காரிதான் கடைசியில் எரிச்சலாகச் சொன்னாள்: "உங்களையெல்லாம் தண்ணிக்கு நடுவுல கொண்டுபோய் விட்டாத்தான்டி சரிப்படும்."

அப்படித்தான் தெமெங்கோர் ஏரியில் ஹவுஸ்போட் எடுத்தோம். வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு. பேராக் மாநிலத்தின் வடக்குக் கோடி, தாய்லாந்து எல்லைக்குப் பக்கம். கோலகங்சார், லெங்கோங், கிரிக் தாண்டி கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் யானை படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் வர ஆரம்பிக்கும், அப்புறம் படகு ஏறும் பண்டிங் தீவு. இந்தச் சாலை 1982-இல் திறந்தது. போடும்போது காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இருந்ததால் இராணுவக் காவலோடுதான் வேலை நடந்தது. எங்கள் தலைமுறைக்கு இந்தப் பக்கம் என்றாலே அந்தப் பயம்தான் முதலில் ஞாபகம் வரும், பிக்னிக் இல்லை.

போட் என்றால் கேரளாவின் ஓலைக்கூரைப் படகை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது இரண்டு மாடி, இரும்பு மிதவை மேல் கட்டிய வீடு. மேலே வரிசையாக மெத்தை, கீழே சமையல், சாப்பாட்டு மேசை, கரோக்கே பெட்டி (கரோக்கே இல்லாமல் மலேசியாவில் எந்த உல்லாசமும் கிடையாது). முழு போட்டையும்தான் வாடகைக்குத் தருவார்கள், அதனால் ஆள் குறைந்தால் தலைக்கு விழும் பணம் ஏறும், இதைச் சொல்லித்தான் தயங்கியவர்களையும் இழுத்து வந்தோம். இரைச்சல் பெரிதாக இருக்கும், வேகம் ஒன்றும் இருக்காது. பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் படகைக் கட்டி இழுத்துக்கொண்டே வருவார்கள், ஆற்று வாய்க்குள் நுழைய அதுதான்.

தண்ணீரிலிருந்து மொட்டை மரங்கள் நிமிர்ந்து நிற்கும், பார்த்தவுடன் ஒரு மாதிரிதான் இருக்கும். இது இயற்கை ஏரி இல்லை. 1970களில் மின்சாரத்துக்காகப் பேராக் ஆற்றை மறித்து அணை கட்டியதில் முழுகிய காடு, தீவு என்று நாம் பார்ப்பதெல்லாம் அன்றைய மலை உச்சி. தீபகற்ப மலேசியாவில் கென்யீர் ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். முழுகிய மரங்கள் தண்ணீருக்கு அடியிலும் நிற்பதால் இருட்டினால் போட்டை எடுக்க மாட்டார் எங்கள் மலாய்க்காரப் படகோட்டி பாக்சிக். ஐந்து மணி வாக்கில் ஓர் ஒதுக்கமான வளைவைப் பார்த்துக் கரை மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டார்.

கைப்பேசியில் லைன் போனது பண்டிங்கை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே. முதல் ஒரு மணி நேரம் ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேல்மாடியில் அலைந்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். சமையலும் நம் கையில் இல்லை, அவர்களே மீனை வாட்டி, சம்பல் அரைத்து, சோறு வடித்து வைத்துவிடுகிறார்கள். ஒருத்தி எழுந்து எழுந்து அடுப்படிக்குப் போய் "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், மூன்று பிள்ளைகளை வளர்த்த கை, சும்மா இருக்க வரவில்லை. சமையல்கார அம்மா சிரித்துக்கொண்டே வெங்காயத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். மாட்டிறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தோம், நாங்களும் மதுபானம் கொண்டுபோகவில்லை, யாருக்கும் சங்கடமில்லை.

சனிக்கிழமை பசியாறிவிட்டு ரோயல் பெலும் பக்கம் போனோம். 117,500 ஹெக்டர் காடு, 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவித்தார்கள், உள்ளே போக பெர்மிட் வேண்டும், அதைப் போட்காரர்களே முன்கூட்டி எடுத்துவிடுவார்கள். ரஃப்லேசியா பார்க்கக் காட்டுக்குள் நடை. இலை இல்லை, தண்டு இல்லை, ஒரு காட்டுக்கொடியை உறிஞ்சி வாழ்கிற பூ. மொட்டு பருக்க மாதக்கணக்கில் ஆகும், விரிந்தால் ஒரு வாரம் தாங்குவதே பெரிது. இந்தக் காட்டில் கண்டுபிடித்த ஒரு வகைக்கு அப்போதைய பேராக் சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது ஓரம் கறுக்க ஆரம்பித்த ஒன்று, நடுக்குழிக்குள் ஈ மொய்த்தது, குனிந்தால் அழுகல் வாடை. அட்டைக்கடிக்கு மட்டும் எங்களில் யாரும் அலறவில்லை. பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள், அட்டைக்குத் தேய்க்க ஆளுக்கொரு துண்டு சோப்போடு வந்திருந்தோம்.

ஜஹாய் பூர்வகுடி கிராமத்துக்கும் கூட்டிப்போவார்கள். நான் படகிலேயே இருந்துவிட்டேன். வீட்டு வாசலில் போய் நின்று பிள்ளைகளைப் படம் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு ஒரு காலத்தில் வெளியாட்கள் வந்து எங்களை அப்படித்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் நல்லபடியாகப் பேசிவிட்டுத்தான் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

மலேசியாவில் இருக்கிற பத்து வகை இருவாச்சியும் இந்தக் காட்டில் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் கூட்டம் கூட்டமாகப் பறப்பதைப் பார்க்கலாமாம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஜோடி. தலைக்கு மேலே நேராகக் கடந்தபோது இறக்கைச் சத்தம் ஈரச் சேலையை உதறுகிற மாதிரி கேட்டது.

அன்று இரவு சாப்பாடு முடிந்து கரோக்கே கொஞ்சம் ஓடியது, இளையராஜா பாட்டில் ஆரம்பித்து பாடத் தெரியாத எல்லாவற்றையும் பாடினோம். பிறகு மைக்கை வைத்துவிட்டுப் பேச்சு. ஜோகூரிலிருந்து வந்தவள், எத்தனையோ வருடமாக எங்களிடம் "எல்லாம் நல்லா இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தவள், புருஷன் வீட்டை விட்டுப் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது என்றாள். வாழையிலைக் கடையில் இது வெளியே வந்திருக்காது. வந்திருந்தாலும் யாராவது மணி பார்த்திருப்பார்கள். இங்கே யாருக்கும் போவதற்கு இடமில்லை, ஜெனரேட்டர் நின்ற பிறகும் இருட்டிலேயே உட்கார்ந்து திட்டினோம், அழுதோம், கடைசியில் அவளே ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். தூங்கும்போது மணி என்னவென்று தெரியாது.

அடுத்த வருடம் கென்யீர் என்று ஒரு கட்சி, மறுபடி இங்கேயே என்று ஒரு கட்சி. கென்யீர் இன்னும் பெரியது, ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி, குவா மூசாங் கடந்து போய்விடலாம். எனக்கு எதுவானாலும் சரி, வளைவில் வாந்தி எடுக்கிறவளை முன் சீட்டில் உட்கார வைத்தால் போதும்.