வட்டி இல்லாத வாசல்

கூடுவாஞ்சேரி வீட்டின் பத்திரம் நேற்று கைக்கு வந்தது, அல்ஹம்துலில்லாஹ். வில்லங்கச் சான்றில் எந்த வங்கியின் பெயரும் இல்லை.

வேளச்சேரி வீட்டை 40 லட்சம் கடனில் வாங்கியிருந்தோம். 9 சதவீத வட்டி, 20 ஆண்டு, மாதத் தவணை ஏறத்தாழ 36,000 ரூபாய். முதல் தவணையில் 30,000 வட்டிக்கே போனது. 6 ஆண்டுகளில் கட்டியது சுமார் 26 லட்சம். அசலில் கழிந்தது 6 லட்சம்கூட இல்லை. பணத்தைவிடப் பெரிய பாரம் வேறு. வட்டியை விடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் அறிவிப்பதாகச் சொல்லும் குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 279ஆம் வசனத்தை ஓதும்போதெல்லாம் குரல் தடுமாறும்.

விற்றோம், அடைத்தோம். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் இல்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. மிஞ்சிய பணத்தில் இரண்டே அறைகள்.

உம்மாவின் தேக்கு பீரோ வாசலில் நுழையவில்லை. பித்தளைக் கைப்பிடியை ஒரு முறை தடவிப் பார்த்தார். "தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடு வாப்பா" என்றார்.

இன்று 5ஆம் தேதி. தவணை பிடித்ததாகக் குறுஞ்செய்தி வரும் நாள். கைபேசி அமைதியாக இருக்கிறது.