பழைய நெட்புக்கும் புது டிவியும்: விஜிஏ முதல் ஹெச்டிஎம்ஐ வரை

என்னிடம் இருப்பது பத்து அங்குலத் திரை கொண்ட பழைய நெட்புக், அதாவது குட்டி லேப்டாப். டிவியில் மாட்டுவதற்கு அதில் இருப்பது 15 துளை உள்ள நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும். திருமங்கலத்தில் எங்கள் வீட்டு டிவியிலோ ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏவி எல்லாம் உண்டு, விஜிஏ கிடையாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள் போக முடிவதில்லை. தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஹேண்டிகேமில் நாங்கள் எடுத்ததெல்லாம் அந்த நெட்புக்கில் இருக்கிறது. அதை அம்மா பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

பென் டிரைவில் போட்டுப் பார்த்தேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. கேமரா பதிவு செய்தது டால்பி ஒலி. எல்லா டிவியும் அதைப் புரிந்துகொள்வதில்லை. அத்தனை கோப்பையும் வேறு வடிவத்துக்கு மாற்றலாம்தான், ஆனால் நெட்புக்கின் மெதுவான ஆட்டம் (Atom) பிராசசரை வைத்துக்கொண்டு ராப்பகலாக ஓட்ட வேண்டும். நெட்புக்கையே டிவியில் மாட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் கேட்டேன். ஒரு கடையில் ஒரு முனை விஜிஏ, மறு முனை ஹெச்டிஎம்ஐ என்று வெறும் வயரை எடுத்து நீட்டினார்கள். "ரெண்டு பக்கமும் கரெக்டா இருக்குல்ல தம்பி, மாட்டுனா வந்துரும்." வராது. விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அதில் ஓடுவது அனலாக் சிக்னல். 2002 கடைசியில் வந்த ஹெச்டிஎம்ஐயில் ஓடுவது டிஜிட்டல். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவே ஒரு சிப் வேண்டும். செம்புக் கம்பிக்கு அந்த வேலை தெரியாது.

அடுத்த கடையில் சிப் உள்ளதுதான் கொடுத்தார்கள், ஆனால் திசை தலைகீழ். புது லேப்டாப்பைப் பழைய மானிட்டரிலோ புரொஜெக்டரிலோ மாட்டுகிறவர்கள் நிறைய என்பதால், ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவதுதான் எங்கும் கிடைக்கிறது. அதைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் முனைகளைப் பாருங்கள். விஜிஏ பக்கம் ஊசிகள் நீட்டிக்கொண்டு, ஹெச்டிஎம்ஐ பக்கம் குழியாக இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. கூடவே மின்சாரத்துக்கு ஒரு யூஎஸ்பி வயரும், சத்தத்துக்கு ஹெட்போன் பின் போட்ட வயரும் இருக்க வேண்டும். விஜிஏ வழியாகச் சத்தம் போகவே போகாது. "அண்ணே, எனக்கு லேப்டாப்லருந்து டிவிக்குப் போகணும்" என்று சொல்லித்தான் சரியானதை வாங்கினேன். ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

வீட்டில் மாட்டியதும் படம் வந்து வந்து போனது. நெட்புக்கின் யூஎஸ்பி கொடுக்கும் மின்சாரம் அந்த மாற்றிப் பெட்டிக்குப் போதவில்லை. யூஎஸ்பி வயரை போன் சார்ஜரில் செருகினேன், படம் விட்டுவிட்டு வருவது நின்றுவிட்டது. அப்புறம் கீபோர்டில் விண்டோஸ் கீயோடு P-யை அழுத்தி, டிவியில் மட்டும் படம் வரும்படி வைத்தேன். இது முக்கியம். நெட்புக் திரை 1024க்கு 600. இரண்டு திரையிலும் ஒரே படம் என்று வைத்தால் டிவிக்கு ஒத்துவராத அளவில் போய் முகங்கள் அகலமாகிவிடுகின்றன. டிவிக்கு மட்டும் என்றால் 1280க்கு 720 வைக்கலாம். ஓரங்கள் வெட்டுப்பட்டால் கணினியில் ஒன்றும் செய்ய வேண்டாம். டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றினால் சரியாகிவிடும்.

அம்மா எதிர்சேவையைத்தான் முதலில் போடச் சொன்னார். "நிப்பாட்டு, நிப்பாட்டு, அது உங்க பெரியம்மாதானே?" என்றார். பத்து அங்குலத் திரையில் நானே கவனித்திராத முகம். சர்க்கரைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றிருந்தார்.

இன்னும் ஒன்று. நெட்புக் மூடியைச் சாத்தினால் அது தூங்கிப்போய் டிவியும் இருண்டுவிடும். பவர் அமைப்பில், மூடியைச் சாத்தினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றிவிடுங்கள். பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ கேபிளை மூன்று மீட்டராக வாங்கினால் கட்டில் பக்கத்திலேயே வைத்து இயக்கலாம்.